மே மாசம் வேலை இல்லையா? பிலிப்பைன்ஸ் லாசி ஊருக்குப் போயிட்டு வர்றது எப்படி, நம்ம டெல்டாக்காரங்களுக்காக

எங்க தாத்தாவுக்கு பிலிப்பைன்ஸ்னா ஐஆர் எட்டு, அவ்ளோதான். லாஸ் பான்யோஸ்னு ஒரு ஊர்ல 1960ல ஆரம்பிச்ச சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல விட்ட ரகம் அது, அதுக்கப்புறம் வந்த ஐஆர் 20 எங்க ஊர்ல தாளடிக்கு எத்தனை வருஷம் ஓடிச்சுன்னு அவர் விரல்விட்டு எண்ணுவாரு. நமக்கு அந்த நாடு அதுக்கும் முன்னாடியே வாய்ல இருந்திருக்கு, மல்லாட்டை மல்லாட்டைன்னு திங்கிறோமே, அது மணிலாக்கொட்டைதான் தேஞ்சு அப்படி ஆயிடுச்சு. அவங்க அதே கடலையை மணி-ங்கிறாங்க. இதெல்லாம் எனக்கு அங்க போன பின்னாடிதான் உறைச்சது.

நான் நாகப்பட்டினம் பக்கம், வேளாங்கண்ணிக்கு கிட்ட. 2024 மே மாசம் சிகிஹோர்ங்கிற தீவுல லாசின்னு ஒரு சின்ன கடலோர ஊர்ல ஆறு நாள் இருந்துட்டு வந்தேன். வந்ததுலருந்து எப்படிப் போன, எவ்ளோ ஆச்சு, அங்க சோறு கிடைக்குமான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு அலுத்துப்போய் இதை எழுதுறேன்.

ஏன் மே மாசம்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே அதுல அடங்கிடுது. மேட்டூர்ல வழக்கமா தண்ணி விடுறது ஜூன் 12. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வயல்ல போர் தண்ணி வெச்சிருக்கவங்களைத் தவிர யாருக்கும் பெரிய வேலை கிடையாது, உளுந்து பயறு எடுத்து முடிச்சாச்சு. கடல் பக்கம் பாத்தா ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில. ஆக டெல்டாவுல வயல்காரனும் சும்மா, போட்டுக்காரனும் சும்மா. அங்க சிகிஹோர்லயும் பிப்ரவரிலருந்து மே வரைக்கும்தான் மழை கம்மி, கடல் அடங்கியிருக்கும். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, லாசி கோயிலோட புனிதர் சான் இசித்ரோ லாப்ரதோர், அதாவது உழவர்களுக்குப் பாதுகாவலர், அவர் திருவிழா மே 15. ஏர் ஓட்டின குடியானவர் ஒருத்தரை பீடத்துல ஏத்தி வெச்சுக் கும்பிடுற ஊர், நம்ம ஊர் ஆளு போகாம யாரு போவாங்க சொல்லுங்க.

இப்ப பேப்பர் வேலை. நான் போனப்ப பேங்க் ஸ்டேட்மெண்ட், அந்த லெட்டர் இந்த லெட்டர்னு சேத்து விசா வாங்கித்தான் போனேன். 2025 ஜூன் 8லருந்து இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்டா போனா 14 நாள் விசா தேவையில்லைன்னு ஆக்கிட்டாங்க. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன் (அதாவது ஐரோப்பா), சிங்கப்பூர், யுகே இதுல எதாவது ஒண்ணோட செல்லுபடி ஆகுற விசாவோ நிரந்தரமா தங்குற அனுமதி அட்டையோ இருந்தா 30 நாள். ஆனா அந்த 14 நாளை அங்க போய் நீட்டிக்க முடியாது, வேற விசாவா மாத்தவும் முடியாது. கையில இருக்க வேண்டியது ஆறு மாசமாவது உயிர் உள்ள பாஸ்போர்ட், திரும்பி வர்ற டிக்கெட், தங்குற இடத்தோட புக்கிங், செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்ட எதாவது. அங்க போய் எறங்குறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள இ-டிராவல்னு அவங்க அரசாங்க வெப்சைட்ல பதிவு பண்ணி கியூஆர் கோடு எடுத்து வெச்சுக்கணும். அது இலவசம், பணம் கேக்குற சைட் எதுவா இருந்தாலும் டூப்ளிகேட்னு மூடிட்டு வெளிய வாங்க. இந்த ரூல் எல்லாம் மாறுற சமாச்சாரம், டிக்கெட் போடுற அன்னிக்கு தூதரக சைட்ல ஒருவாட்டி பாத்துக்குங்க.

ஃப்ளைட்டுக்கு சென்னை போகவேண்டியதே இல்ல, திருச்சி போதும். ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் போய் சேர்றது சிகிஹோருக்கு போட் கிளம்புற துமகெத்தே டவுனுக்கு. ஒண்ணு திருச்சி - சிங்கப்பூர் - செபு, அங்கேருந்து பஸ்லயும் போட்லயும் துமகெத்தே. இன்னொண்ணு திருச்சி - கோலாலம்பூர் - மணிலா, அங்கேருந்து உள்நாட்டு ஃப்ளைட்ல துமகெத்தே. இங்கதான் நான் அடிபட்டேன். எங்க ஊர்ல டிக்கெட் போட்டுக் குடுத்தவர் ரெண்டாயிரம் மிச்சம்னு சொல்லி திருச்சி - சிங்கப்பூர் தனியா, சிங்கப்பூர் - செபு தனியா ரெண்டு டிக்கெட்டா போட்டுட்டாரு. கவுண்டர்ல பெட்டியை எடை போட்டுட்டு சிங்கப்பூர் விசா எங்கன்னு கேக்குறாங்க. தனித்தனி டிக்கெட்னா சிங்கப்பூர்ல வெளிய போய் பெட்டி எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும், வெளிய போகணும்னா விசா வேணும், இது எனக்கு சத்தியமா தெரியாது. பெட்டியைத் தம்பிகிட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, தோள்பையில ரெண்டு சட்டை ஒரு கைலியோட, ரெண்டாவது டிக்கெட்டோட போர்டிங் பாஸை போன்லயே எடுத்துக் காட்டி ஒரு வழியா ஏறினேன். அதனால சிங்கப்பூர் வழின்னா ஒரே புக்கிங், ஒரே பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்), பெட்டி நேரா செபு வரைக்கும் டேக் ஆகணும், இதைக் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் காசு குடுக்கணும். மலேசியா வழின்னா இந்தத் தலைவலி கம்மி, நமக்கு அங்க விசா விலக்கு 2026 கடைசி வரைக்கும் இருக்கு, அவங்க டிஜிட்டல் அரைவல் கார்டை மட்டும் முன்கூட்டியே ஃபில் பண்ணிட்டா வெளிய போய் வரலாம். பெட்டி இல்லாம போனது ஒருவகையில நல்லதாவும் போச்சு, போட்லயும், ஜீப்னின்னு அவங்க ஊர் ஷேர் வண்டிலயும் ஏறி எறங்க லேசா இருந்துச்சு.

செபு ஏர்போர்ட்லருந்து சவுத் பஸ் டெர்மினலுக்கு ஓலா மாதிரி இருக்குற கிராப் ஆப்ல கார் போட்டுக்குங்க. அங்கேருந்து தெற்கே லிலோவான் துறைமுகம் வரைக்கும் பஸ், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் கடல், ஏறக்குறைய நாலு மணி நேரம். நம்ம ஈசிஆர் மாதிரிதான் ஆனா வளைவு ஜாஸ்தி, வாந்தி வர்றவங்க முன்னாடி சீட்டு புடிங்க. லிலோவான்ல போட் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள எதிர்க்கரை சிபுலான், நீக்ரோஸ் தீவு. அங்கேருந்து துமகெத்தே டவுனு பக்கத்துலதான். துமகெத்தேல ஒரு ராத்திரி தங்கிடுங்க, அவசரப்படாதீங்க. 1901ல ஆரம்பிச்ச சில்லிமான் யூனிவர்சிட்டி இருக்குற ஊர், எங்க பாத்தாலும் காலேஜ் பசங்க. கடலோரமா ஒரு நீளமான நடைபாதை, சாயங்காலம் குடும்பம் குடும்பமா உக்காந்து காத்து வாங்குவாங்க, அப்படியே நம்ம வேளாங்கண்ணி பீச்சுதான், சுண்டல்காரரு மட்டும் இல்ல. நமக்கு இந்த ராத்திரி எதுக்குன்னா காசு எடுக்க. சிகிஹோர்ல ஏடிஎம் கம்மி, இருக்குறதுலயும் காசு தீந்துபோயிடும், லாசில நம்பிப் போகவே கூடாது. ஒருவாட்டி எடுக்குறதுக்கு 250 பெசோ வரைக்கும் சார்ஜ் புடிக்கிறாங்க, அதனால சில்லறை சில்லறையா எடுக்காம ஒரே அடியா எடுத்துருங்க. ஒரு பெசோ நம்ம ஒண்ணரை ரூபாய்னு கணக்கு வெச்சுக்குங்க. சிம் கார்டும் இங்கயே வாங்கிடுங்க. சார்ஜர் பின் அங்க ரெண்டு தட்டைப் பட்டை, நம்ம உருண்டை பின் போகாது, அடாப்டர் ஒண்ணு வேணும். வாட்சை ரெண்டரை மணி நேரம் முன்னாடி தள்ளி வைங்க.

துமகெத்தேலருந்து சிகிஹோருக்கு ஃபாஸ்ட்கிராஃப்ட்னா ஒரு மணி நேரம், ரோரோன்னு லாரி பஸ் ஏத்துற பெரிய கப்பல்னா ரெண்டு மணி நேரம் கிட்ட. போட் சிகிஹோர் டவுன்லயும் நிக்கும், லாரெனாவுலயும் நிக்கும், டிக்கெட் எடுக்கும்போதே எதுன்னு பாத்துக்குங்க. டெர்மினல் ஃபீஸ், சுற்றுச்சூழல் ஃபீஸ்னு சில்லறையா கேப்பாங்க, குடுத்துட்டு ரசீதை பத்திரமா வைங்க.

ஒரு விஷயம், நம்ம நாகப்பட்டினம் துறைமுகத்துல கூண்டு ஏத்துறது 1லருந்து 11 வரைக்கும் இருக்குல்ல, அதனால நமக்கு ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர்னா டீயைக் குடிச்சுட்டே கேக்குற விஷயம். அங்க கதை வேற. அவங்க வானிலை நிலையம் பகாசா குடுக்குற புயல் சிக்னல் மொத்தமே 1லருந்து 5 வரைக்கும்தான், ஒண்ணு போட்டாலே போட் நின்னுரும், கோஸ்ட் கார்டு ஒரு ஆளையும் ஏத்த விடமாட்டாங்க. சிக்னல் இல்லாட்டியும் காத்து பலமா அடிச்சா நிறுத்துவாங்க. ‘ஒண்ணாம் நம்பர்தானே’ன்னு கவுண்டர்ல போய் சண்டை போடாதீங்க, அவங்க பட்டது அவங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பர்ல ஒடெட்னு ஒரு புயல் செபு, போஹோல் எல்லாம் புரட்டிப் போட்டுச்சு, கஜாவுக்கு அப்புறம் வேதாரண்யத்துல தென்னை கிடந்த கிடையை நாம பாத்தோம்ல. அதனால ஊர் திரும்புறப்ப ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் தீவுல இருக்காதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே துமகெத்தேக்கு வந்துடுங்க.

காத்துக்கு அவங்க வெச்சிருக்க பேரு ரெண்டு, அமிஹான்னா வடகிழக்குக் காத்து, ஹபகாட்னா தென்மேற்கு. நம்ம கரையில வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு சொல்ற மாதிரிதான். ஒரு மீனவர்கிட்ட நான் கையால திசை காட்டி வாடைன்னு சொன்னேன், அவரு அமிஹான்னாரு, கச்சான்னேன், ஹபகாட்னாரு, அதுக்கு மேல பேச எங்களுக்குள்ள பாஷை இல்ல, ஆனா அன்னிக்கு அவரு வீட்லதான் சாப்பாடு.

இப்ப தீவுக்கு வருவோம். சிகிஹோர் ஒரு தனி மாகாணம், 1971ல தனியா பிரிச்சாங்க, மொத்தமே ஆறு ஊர். தீவைச் சுத்தி ஒரே ரோடு, 75 கிலோமீட்டர் சொச்சம், நம்ம நாகப்பட்டினத்துலருந்து தஞ்சாவூர் போற தூரத்தை விடக் கம்மி. வர்றவங்க எல்லாம் சான் ஹுவான் ஊர்ல ரிசார்ட்ல தங்கி, ஒரு நாள் ஸ்கூட்டர் எடுத்து தீவை ஒரு சுத்து சுத்தி, நாலு இடத்துல போட்டோ புடிச்சுட்டுக் கிளம்பிடுறாங்க. என்னைக் கேட்டா அது காசுக்குப் புடிச்ச கேடு. லாசில போய் தங்குங்க. ரிசார்ட் கிசார்ட் எதிர்பாக்காதீங்க, சின்ன சின்ன லாட்ஜும் வீட்டோட சேந்த ரூமும்தான். நான் குடுத்தது ஒரு நாளைக்கு 900 பெசோ, ஃபேன் ரூம், கொல்லைல கெணறு, ரெண்டு சேவல் ராத்திரி மூணு மணிக்கே கூவும். துறைமுகத்துலருந்து லாசிக்கு ஜீப்னி இருக்கு, மத்தியானத்துக்கு மேல குறைஞ்சுரும், அதனால காலைல போட்லயே வந்துடுங்க. ஜீப்னில எறங்கணும்னா ‘லுகார் லாங்’னு சொல்லணும், சினிமா பாத்துட்டு ‘பாரா பாரா’ன்னு கத்துனா அது தகாலோக், இங்க பேசுறது பிசாயா. புரிஞ்சுக்குவாங்க, ஆனா பிசாயா சொன்னா முகம் மலரும்.

ரூம் எடுக்குறப்ப ஜெனரேட்டர் இருக்கான்னு கேளுங்க. 2025ல அந்தத் தீவுல கரண்ட் நாள் முழுக்க போய்ப் போய் வந்து, பேரிடர்னே அறிவிக்கிற அளவுக்கு ஆச்சு. பவர் பேங்க் ஒண்ணு கட்டாயம்.

லாசில பாக்குறதுக்கு முதல்ல கோயில். 1884ல கட்டி முடிச்சது, பவளப்பாறைக் கல்லும் மரமும். தனுஷ்கோடில இடிஞ்சு நிக்குற கோயில் பாத்திருப்பீங்கல்ல, அதே மாதிரி கடல்கல்லு, கிட்டப் போய்ப் பாத்தா சுவத்துல கிளிஞ்சல் அச்சு தெரியும், ஆனா இங்க இடியாம தினம் பூசை நடக்குது. உள்ள போனா தரை மரப்பலகை, நடந்தா கிறீச்சுன்னு சத்தம், செருப்பைக் கழட்டணும்னு கிடையாது, எனக்குத்தான் மனசு கேக்காம கழட்டிட்டேன், பாத்த கெழவி ஒண்ணு சிரிச்சுச்சு. எதிர்த்தாப்புல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கான்வென்ட், 1887ல ஆரம்பிச்சு 1891ல முடிச்சது, சாமியாருங்க ஓய்வு எடுக்கக் கட்டுன வீடு, வீடா அது, அரண்மனை. கீழ கல்லு, மேல முழுக்க மரம், ஜன்னல் மட்டும் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன். மாடில ஒரு சின்ன மியூசியம் வெச்சிருக்காங்க, சாத்தியிருந்தா பக்கத்துல கேளுங்க, சாவி யார்கிட்டயாவது இருக்கும். இந்தக் கோயில் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ரோடு முழுக்க பழைய மரங்க, அக்கேசியான்னு சொல்றாங்க. நான் அண்ணாந்து பாத்தா நம்ம தூங்குமூஞ்சி மரம்! பள்ளிக்கூட வாசல்ல நிக்குமே, அதேதான். சாயங்காலம் அஞ்சரைக்கு அது இலையை மடக்குறதைப் பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், அந்த நேரத்துக்குள்ள மூணு வேன் வந்து, எறங்கி, செல்ஃபி எடுத்து, போயிருச்சு.

அடுத்தது கம்புகஹாய் அருவி, இதுவும் லாசிதான். ரோட்லருந்து நூத்தி சொச்சம் படி எறங்கணும், மூணு தட்டா விழுகுற தண்ணி, நெறம் வந்து பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல. கயித்துல தொங்கிக் குதிக்க காசு வாங்குறாங்க. பத்து மணிக்கு மேல போனா கும்பல், நீங்க ஊர்லயே தங்கியிருக்கீங்கல்ல, ஏழு மணிக்குப் போயிடுங்க, நானும் ரெண்டு துணி தொவைக்கிற அக்காங்களும் மட்டும்தான் இருந்தோம். முட்டி வலி உள்ளவங்க ஏர்றப்ப பாத்துக்குங்க. கம்பலனாஸ்ங்கிற எடத்துல பலேத்தே மரம் ஒண்ணு, நம்ம ஆலமரத்துக்கு சொந்தக்கார மரம், 400 வருஷம்னு சொல்றாங்க, அடியில ஊத்து, ஊத்துல மீனு, காலை வெச்சா வந்து கொறிக்கும். நம்ம ஊர்ல இருந்தா இந்நேரம் மஞ்சத்துணி கட்டி வேல் நட்டு வெச்சிருப்போம். அங்கயும் அந்த மரத்தைப் பத்தி பயம் கலந்த மரியாதை உண்டு, சத்தமா பேசமாட்டாங்க.

தீவே மந்திரத்துக்குப் பேர்போனது. ஸ்பானிஷ்காரங்க மின்மினிப் பூச்சியைப் பாத்து நெருப்புத் தீவுன்னு பேரு வெச்சாங்களாம். மத்த தீவுக்காரங்களே ‘சிகிஹோர் போறியா, செய்வினை வெச்சிருவாங்க’ன்னு பயமுறுத்துவாங்க. நிஜத்துல இருக்குறது மனனம்பால்னு நாட்டு வைத்தியருங்க. போலோ-போலோன்னு ஒண்ணு பண்றாங்க, கண்ணாடி டம்ளர்ல தண்ணி, உள்ள ஒரு கல்லு, மூங்கில் குழாய் வெச்சு ஊதிக்கிட்டே ஒடம்பு மேல கொண்டுபோறாங்க, தண்ணி கலங்குனா நோய் எறங்குதுன்னு அர்த்தம். பெரிய வியாழன் வெள்ளிக்கு அப்புறம் வர்ற சனிக்கிழமை வைத்தியருங்க ஒண்ணா கூடி மூலிகை காய்ச்சுவாங்க, அதுக்குப் பொருளை தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள்ல சேக்குறது வழக்கம். நாகூர்ல ஓதி ஊதுறதும் வேப்பிலை அடிக்கிறதும் பாத்து வளந்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, அதனால வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டு கிண்டல் பண்ற வேலை வேணாம். கேட்டுட்டு போங்க, தட்சிணை மாதிரி எதாவது வெச்சுட்டு வாங்க. நிஜமா காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சாப்பாடு. எல்லாரும் இதைத்தான் கேட்டாங்க. கரெந்தேரியான்னு சின்ன மெஸ்ஸுங்க, பாத்திரத்தை வரிசையா வெச்சிருப்பாங்க, மூடியைத் தொறந்து பாத்து கை காட்ட வேண்டியதுதான். சோறு தாராளமா கிடைக்கும், நம்ம பொன்னி மாதிரி உதிரி உதிரியா இருக்காது, கொஞ்சம் ஒட்டும். பழைய ஆளுங்க மக்காச்சோளக் குருணையைத்தான் சோறா பொங்குவாங்க, ஏன்னா அந்தத் தீவே பவளப்பாறையும் சுண்ணாம்புக்கல்லும், தண்ணி நிக்காது, நெல்லு கம்மிதான். நம்ம வண்டல் மண்ணை நெனச்சேன். எட்டடி தோண்டினாலும் கல்லு கிடைக்காத ஊர்ல பொறந்துட்டு, கல்லுக்கு நடுவுல குழி தோண்டி சோளம் போடுறவங்களைப் பாத்தா நம்ம பொலம்பல் எல்லாம் கொஞ்சம் அடங்கிடுது, தண்ணி வரலைன்னா மறுபடி ஆரம்பிச்சுடுவோம், அது வேற.

சைவம்னா கஷ்டம், மறைக்க விரும்பல. காய்கறின்னு குடுக்குறதுலயே பன்னிக்கறித் துண்டு கெடக்கும். ‘வலாய் பபோய்’னா பன்னி வேணாம், ‘வலாய் கர்னே’ன்னா கறியே வேணாம். மீனு கறியில சேராதுன்னு அவங்க கணக்கு, அதனால மீனுக்குத் தனியா ‘வலாய் இஸ்தா’ சொல்லணும். உத்தான் பிசாயான்னு ஒரு தண்ணிக் குழம்பு, பூசணி, கத்திரி, வெண்டை, முருங்கைக்கீரை போட்டது, முருங்கைக்கு அவங்க சொல்றது கமுங்காய்! கருவாட்டுத்துண்டு போடாம செஞ்சு தரச் சொன்னா செய்வாங்க. மோங்கோன்னா நம்ம பச்சைப்பயறு. நம்ம ரசப்பொடி ஒரு டப்பா, ஊறுகாய் ஒரு பாட்டில், அவ்ளோ போதும். நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆளுங்க மெஸ்ஸை விட்டுட்டு, கரையில மீனை வாங்கி கண்ணு முன்னாடி கரியில சுட்டுத் தரச் சொல்லுங்க, அதுக்குப் பேரு சினுக்பா, தேங்காய் மட்டை போட்டு எரிப்பாங்க.

மீன் சாப்பிடுறவங்களுக்குக் கொண்டாட்டம்தான். கினிலாவ்னு பச்சை மீனை தேங்காய்க் காடில, அதாவது வினிகர்ல, ஊறவெச்சு இஞ்சி, வெங்காயம், மிளகா போட்டுக் குடுப்பாங்க, அடுப்பே கிடையாது. எனக்கு முதல் வாய் உள்ள போகல, மூணாவது வாய்க்கு தட்டை நக்குனேன். கருவாடு அங்க புலாத், வெயில்ல காயுற வாசனை நம்ம அக்கரைப்பேட்டையேதான். காடிக்கு அவங்க சொல்றது சூக்கா, மெனுல சூக்கான்னு பாத்துட்டு மட்டன் சுக்கான்னு நெனச்சுராதீங்க. தென்னங்கள்ளு துபான்னு ரோட்டுக்கடையிலயே கேன்ல தொங்கும், மரப்பட்டை போட்டு செவப்பா இருக்கும். நம்ம ஊர்ல 1987லருந்து கள்ளு எறக்கத் தடை, அங்க சாயங்காலம் நாலு பெருசுங்க ஒரே டம்ளரைச் சுத்தி விட்டு குடிக்குறாங்க. உங்களுக்கும் அந்த டம்ளர் வரும். குடிக்கலைன்னா நெஞ்சுல கை வெச்சு சிரிச்சுட்டு அடுத்தவர்கிட்ட குடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

கூப்புடுற முறை நம்ம மாதிரியேதான். பெரியவங்களை பேரு சொல்லக் கூடாது, ஆம்பளைன்னா நோங், பொம்பளைன்னா நாங். சின்னப் பசங்களை தோங், பொண்ணுங்களை தாய்னு கூப்புடுறாங்க, மொதல்ல ஒரு அம்மா தன் மகளை தாய் தாய்னு கூப்புட்டப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு, அப்புறம் பாத்தா அது பாப்பாங்கிற மாதிரி. காலைல ‘மாயோங் புந்தாக்’, நன்றிக்கு ‘சலாமாட்’, விலைக்கு ‘தக்பிலா’, சாப்புட்டு முடிச்சு ‘லாமி’ன்னா தீந்துச்சு, இன்னொரு கரண்டி விழும். உங்களைப் பாத்து பசங்க ‘பும்பாய்’னு கத்தலாம். பாம்பேங்கிறது அப்படி ஆனது, இந்தியான்னாலே அங்க அந்தப் பேரு. அதுலயும் பஞ்சாப் ஆளுங்க பைக்ல வந்து வட்டிக்கு விடுறது ரொம்ப காலமா நடக்குது, அஞ்சு குடுத்து ஆறு வாங்குறதால அதுக்கு பைவ்-சிக்ஸ்னே பேரு. என்கிட்டயே ஒரு கடைக்காரம்மா நீயும் வட்டிக்கு விடுறியான்னு கேட்டுச்சு. எங்க ஊர்ல நாங்கதான் தண்டல்காரருக்கு ஒளியுறோம்னு சொல்லத் தெரியல.

ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 350லருந்து 500 பெசோ. நம்ம லைசென்ஸ் கார்டு இங்கிலீஷ்ல இருக்குறதால டூரிஸ்டா போறவங்களுக்கு 90 நாள் வரைக்கும் செல்லும், ஆனா டூவீலர் வகை அதுல இருக்கணும். ஹெல்மெட் போடணும், புடிக்கிறாங்க. எல்லாத்தையும் விட முக்கியம் அங்க வண்டி ஓட்டுறது வலது பக்கம். நேரா போறப்ப தெரியாது, திரும்புறப்பதான் கை பழைய பக்கம் போயிடும், நான் சந்தை முனைல அப்படித்தான் திரும்பி ஒரு ட்ரைசிக்கிளுக்கு நேரா நின்னேன், அவரு ஹாரன் கூட அடிக்கல, ‘அமெரிக்கானோ?’ன்னு சிரிச்சுட்டு ஒதுங்கிப் போயிட்டாரு. பெட்ரோல் கோலா பாட்டில்ல ரோட்டோரமா விப்பாங்க.

திருவிழாவுக்குப் போறவங்க மே 13க்கே லாசி வந்துடுங்க, வெளியூர்ல வேலை பாக்குறவங்க எல்லாம் வீடு திரும்புற நேரம், ரூம் கிடைக்காது. 15ஆம் தேதி பூசை, தேர் மாதிரி அலங்கரிச்ச வண்டில புனிதர் ஊர்வலம், அப்புறம் எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் உள்ள கூப்புட்டு தட்டு குடுப்பாங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்க கணக்கு இல்ல. வெறுங்கையோட போகாதீங்க. நான் நம்ம ஊர் கடலைமிட்டாய் நாலு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன், கடிச்சுப் பாத்துட்டு ‘மணி!’ன்னாங்க. ஒரு நாள்ல ஆறு வீடு சாப்புட வேண்டியதாயிருச்சு, அதனால முதல் வீட்லயே வயித்தை ரொப்பாதீங்க, ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு வாய்.

மொத்தச் செலவு எனக்கு ஃப்ளைட் போக நாள் ஒண்ணுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது, ஸ்கூட்டர் எடுத்த நாளையும் சேத்து. குடும்பத்தோட போனா ஏசி ரூம், கார்னு கூடும்.

கடைசியா, வாங்கிட்டு வர்றதுக்கு பெருசா எதுவும் இல்ல, தேங்காய்க் காடி ஒரு பாட்டில் வாங்குங்க. மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, ரெண்டு பிளாஸ்டிக் பையில போட்டு, செக்-இன் பெட்டில வைங்க. என்கிட்ட பெட்டி இல்லாததால துமகெத்தேல 200 பெசோவுக்கு ஒரு பை வாங்கி அந்த ஒரு பாட்டிலுக்காகவே செக்-இன் போட்டேன். எங்கம்மா மோந்து பாத்துட்டு இது கெட்டுப்போன கள்ளுடான்னு கொல்லைல ஊத்தப் போனாங்க. புடுங்கி வெச்சு, கொஞ்சம் நெத்திலியை அதுல ஊறப்போட்டு இஞ்சி நறுக்கிப் போட்டுக் குடுத்தேன். அடுப்புல வெக்காம திங்க மாட்டேன்னு தோசைக்கல்லுல ஒரு புரட்டு புரட்டி எடுத்துட்டாங்க. அப்படியும் நல்லாத்தான் இருந்துச்சு.